சிங்கப்பூரிலிருந்து வந்த தட்டு

ஏப்ரல் 21, ஞாயிறு

இது கண் ஆஸ்பத்திரியில் இலவசமாகக் கொடுத்த டைரி. நேற்று மகள் இனியா என்னை வம்பாக இழுத்துக்கொண்டு போனாள். இரண்டு கண்ணிலும் புரை, வலது கண்ணுக்கு உடனே ஆபரேஷன் செய்துகொள்ளுங்கள் என்று அந்த டாக்டர் பெண் சொன்னாள். டைரியை வாங்கிக்கொண்டேன், தேதி வாங்கவில்லை. என் கண்ணில் ஒரு குறையும் கிடையாது. பேப்பர்காரர்கள் மையைக் குறைத்துவிட்டார்கள், அதற்கு நான் என்ன செய்வது? இந்த டைரியிலும் கோடுகளை இருக்கிறதா இல்லையா என்பதுபோல்தான் அச்சடித்திருக்கிறார்கள்.

முக்கியமான செய்தியை எழுதத்தான் உட்கார்ந்தேன். இனியாவுக்குப் போடியிலிருந்து சம்பந்தம் கூடி வந்துவிட்டது. மாப்பிள்ளை முகில்வண்ணன். அப்பா பொன்னுராஜோடு சேர்ந்து ஏலக்காய் வியாபாரம், அம்மா தவமணியம்மா. பெண் பார்த்தாயிற்று, ஜாதகமும் பொருந்திவிட்டது. மே 12ஆம் தேதி மதுரைக்கு, நம் வீட்டுக்குக் கை நனைக்க வருகிறார்கள். பெண் வீட்டில் உட்கார்ந்து ஒருவேளை சாப்பிட்டுவிட்டால் பேச்சு உறுதி. அதுவரை காபியோடு சரி.

போன மாதம் தரகர் கொண்டுவந்த திண்டுக்கல் பையனை நான் தட்டிக்கழித்தது எவ்வளவு நல்லதாகப் போயிற்று. அவனுக்கு நிச்சயம் வரைக்கும் போய் நின்றுபோயிருந்தது. ஒரு தடவை நின்ற இடத்தில் நாம் ஏன் கை வைக்க வேண்டும்? இன்றைக்கும் சாப்பிடும்போது அதைச் சொன்னேன். இனியா பாதியிலேயே தட்டோடு எழுந்து போய்விட்டாள். வெயில், பிள்ளைக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

ஏப்ரல் 23, செவ்வாய்

மாடி வீட்டு ஷீலா போனில் ஒரு வீடியோ காட்டினாள். கோடைக்காலச் சாப்பாட்டு மேசையாம். ஒரு தட்டைப் போல இன்னொரு தட்டு இல்லை. மஞ்சள் தட்டுக்கு மேல் நீலக் கிண்ணம், பக்கத்தில் சிவப்பு டம்ளர், நடுவில் மாம்பழம். எல்லாம் பழைய கடையில் பொறுக்கியதாம். பார்த்ததும் தீர்மானித்துவிட்டேன், 12ஆம் தேதி நம் மேசை இப்படித்தான் இருக்கும்.

இவரிடம் சொன்னேன். மின்வாரியத்தில் முப்பத்தைந்து வருஷம் வேலை பார்த்தவர், வெளிச்சம் மட்டும் கிடையாது.

"வாழை இலையப் போட்டா சோலி முடிஞ்சது குணா. சாப்பிட்டு மடிச்சுப் போட்டுப் போயிருவாங்க."

"இலை எல்லாரும்தான் போடுறாங்க. அந்தத் தவமணியம்மா வீட்டுல அலமாரி பூராம் கண்ணாடி செட்டாம். நம்ம ஒரு தினுசா செய்ய வேணாமா?"

"அப்ப அதே மாதிரி செட்டு வாங்கு."

அந்த விலைக்கு ஒரு பந்திக்கே சாப்பாடு போடலாம். அதனால்தான் ஒன்றுக்கொன்று சேராத தட்டுகள். சேராமல் இருப்பதுதான் நாகரிகம் என்று வீடியோவிலேயே சொல்கிறார்கள்.

ஏப்ரல் 26, வெள்ளி

சாப்பாட்டு மேசையைக் கண்டுபிடித்தேன். மேலே இருந்த இஸ்திரித் துணி, மின்சார பில், இவருடைய ரேடியோ எல்லாவற்றையும் அகற்றியதும் அடியில் மேசை இருந்தது.

பரணிலிருந்து ஆறு ஊதா பிளாஸ்டிக் கிண்ணம், சோப்புத்தூளோடு இலவசமாக வந்த நான்கு டம்ளர், கால் உடைந்த பீங்கான் ஜாடி ஒன்று தேறின. கடைவீதியில் ஒரு ஆரஞ்சு விரிப்பு வாங்கினேன். கடைக்காரர் மூன்று தடவை, "இதாம்மா வேணும்? இதையேவா?" என்று கேட்டார். அதுவே எனக்கு மங்கலாகத்தான் தெரிந்தது. இப்போது வரும் சாயத்தில் எதுவும் பளிச்சென்று இல்லை.

ஏப்ரல் 29, திங்கள்

இன்றைக்கு அடித்தது யோகம்! கீழவாசல் பக்கம் இஸ்மாயில் பாய் என்று ஒருவர் பழைய பாத்திரக் கடை வைத்திருக்கிறார். புகுந்தால் வெளியே வர மனசில்லை. எனாமல் தட்டு, மங்கு, பூப்போட்ட பீங்கான் சாசர் என்று அள்ளினேன். கடைசியில் ஒரு மூலையில் பார்த்தால் எவர்சில்வர் தட்டுகள், விளிம்பு முழுக்கக் கிளிப்பச்சை, நடுவில் புள்ளி புள்ளியாக ஏதோ கொடி வேலைப்பாடு. உறைகூடப் பிரிக்கவில்லை.

"புதுசும்மா. ஒருத்தர்கூடச் சாப்பிடல," என்றார் பாய். "தாம்பூலத்துக்குக் குடுக்கப் பேர் வெட்டி வச்சது. கல்யாணம் நின்னுபோச்சாம். நூத்தம்பது தட்ட ஒருத்தர் வேன்ல கொண்டுவந்து இறக்கிட்டு, எங்கிட்டாச்சும் வித்துக்கங்க, எங்க ஊருப் பக்கம் மட்டும் வேணாம்னு சொல்லிட்டுப் போனார். பேர் இருக்கறதாலதான் இந்த விலை. படிச்சுப் பாத்து எடுங்க."

கடையில் ஒரே ஒரு குண்டு பல்பு. அதில் எவன் படிப்பது? எந்தப் பாத்திரத்தில்தான் பேர் இல்லை? என் வீட்டு அண்டாவில் இவருடைய பெரியப்பா பேர் இருக்கிறது. ஆறு எடுத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து இனியாவிடம் பெருமையாகச் சொன்னேன். அவள் பெட்டியைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.

"நின்னுபோன கல்யாணத்துத் தட்டுன்னு தெரிஞ்சுமா வாங்குன?"

"கல்யாணம் நின்னா தட்டு என்னடி பாவம் பண்ணுச்சு?"

"இத ஞாபகம் வச்சுக்கோம்மா," என்று சொல்லிவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிட்டாள். பிஸியோதெரபி வேலைக்குப் போனதிலிருந்து எதையும் நீட்டி மடக்கித்தான் பேசுகிறாள்.

மே 2, வியாழன்

ஊசியில் நூல் கோக்க முக்கால் மணி நேரம். ஊசிக் கம்பெனிக்காரன் துளையைச் சின்னதாக்கிவிட்டான்.

மே 5, ஞாயிறு

ஒத்திகை. அக்னி நட்சத்திரம் நேற்றுத் தொடங்கியது, வீடு கொதிக்கிறது. ஆரஞ்சு விரிப்பு, அதன் மேல் எனாமல் தட்டு, ஊதாக் கிண்ணம், ரோஸ் டம்ளர், ஜாடியில் செம்பருத்தி. பச்சைத் தட்டுகளை மட்டும் பெட்டியிலேயே விட்டுவைத்தேன், அவை விருந்தாளிக்கு.

இவர் வந்து பார்த்தார். உள்ளே போய்த் தன் கூலிங் கிளாஸை மாட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். பொறாமை.

மே 11, சனி

உப்பு டப்பாவும் சர்க்கரை டப்பாவும் ஒரே மாதிரி இருக்கின்றன. சீட்டு ஒட்டச் சொல்லி இனியாவிடம் சொன்னால், "போன மாசமே ஒட்டிட்டேன்மா" என்கிறாள்.

மே 12, ஞாயிறு

எல்லாம் முடிந்தது. கை நனைத்துவிட்டார்கள். கை என்ன, முழங்கை வரைக்கும் நனைத்துவிட்டார்கள். நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

பன்னிரண்டு மணிக்குத் தவமணியம்மா, பொன்னுராஜ், மாப்பிள்ளை மூவரும் வந்தார்கள். மேசையைப் பார்த்ததும் தவமணியம்மா வாசலிலேயே ஒரு நிமிஷம் நின்றுவிட்டார். அசந்துபோனார் என்று தெரிந்தது. வீடியோவில் சொன்னபடி ஒவ்வொரு பச்சைத் தட்டின் நடுவிலும் ஓர் ஊதாக் கிண்ணத்தில் நுங்கு வைத்திருந்தேன். நுங்கைச் சாப்பிட்டார்கள். கிண்ணத்தை எடுத்த கையோடு, தட்டு வெறுமையாக இருக்கக் கூடாது என்று, சாதத்தைக் கொட்டினேன்.

"சுகர் இருக்குங்க, ஒரு கரண்டி போதும்," என்றார் தவமணியம்மா. அளவாகச் சாப்பிடுகிற பெண்மணி என்று நினைத்தேன்.

தட்டு எங்கே வாங்கியது என்று யாரும் கேட்கவில்லை. நானாகவே, "இந்தத் தட்டெல்லாம் என் தம்பி சிங்கப்பூர்லருந்து கொண்டாந்தது. அங்க பெரிய மனுசங்க வீட்டுல இதுதான் வைப்பாங்களாம்," என்றேன். கீழவாசல் என்றா சொல்ல முடியும்? என் தம்பி ராமநாதபுரத்தைத் தாண்டியதில்லை.

தவமணியம்மா சாம்பார் சாதத்தைப் பாதி சாப்பிட்டிருப்பார். சட்டென்று கை நின்றது. தட்டையே பார்த்தார். பக்கத்தில் பொன்னுராஜின் தட்டைப் பார்த்தார். பொன்னுராஜுக்குப் புரை ஏறிவிட்டது, தண்ணீர் கொடுத்தேன்.

"சிங்கப்பூர்லயா?" என்றார் தவமணியம்மா.

"ஆமாங்க. சிங்கப்பூர்."

"இந்தத் தட்டா?"

"இதே தட்டுதான்."

அவர் ஓரத்தில் இருந்த சாதத்தையெல்லாம் விரலால் நடுவுக்குக் கூட்டினார். "இன்னுங் கொஞ்சம் சாதம் வைங்க," என்றார். வைத்தேன். "இன்னும்," என்றார். நான் கரண்டியை எடுக்குமுன் இனியா எழுந்துவிட்டாள். இந்த வீட்டில் ஒரு நாளும் கரண்டியைத் தொடாதவள், சாதப் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு மூன்று பேர் தட்டிலும் மலையாகக் குவித்தாள். தன் தட்டிலும் குவித்துக்கொண்டாள். மாப்பிள்ளை மட்டும் பதற்றமே இல்லாமல் இனியாவைப் பார்த்து லேசாகச் சிரித்தார்.

ரசத்துக்கு நான்காம் தடவை சாதம் கேட்டார் தவமணியம்மா. மோருக்கு ஐந்தாம் தடவை. நெற்றியில் வியர்வை ஊற்றுகிறது, நிறுத்தவில்லை. பொன்னுராஜ் கை கழுவப் போனவர் தட்டைக் கையோடு எடுத்துக்கொண்டு போய் அதையும் கழுவினார். என்ன அடக்கம்! என் வாழ்நாளில் என் சமையலுக்கு இப்படி ஒரு மரியாதை கிடைத்ததில்லை.

இவர்? மூன்று அடி தூரத்தில் ரயில் போனாலும் சாப்பிடும்போது இவருக்குத் தெரியாது.

கிளம்பும்போது தவமணியம்மா என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். கை சில்லென்று இருந்தது. "நீங்க பெரிய ஆளுங்க சம்பந்தியம்மா. ஒரு வார்த்தை கேக்காமலே எல்லாத்தையும் கேட்டுட்டீங்க," என்றார். சீர்வரிசைப் பேச்சே எடுக்காத எங்கள் பெருந்தன்மையைச் சொல்கிறார்.

பாத்திரம் முழுவதையும் இனியாவே தேய்த்து, பச்சைத் தட்டுகளைப் பரணில் ஏற்றிவிட்டாள். கல்யாணம் என்றதும் பொறுப்பு வந்துவிட்டது.

மே 15, புதன்

மூன்று நாளாகப் போடியிலிருந்து ஒரு போனும் இல்லை.

மே 17, வெள்ளி

போன் வரவில்லை, பார்சல் வந்தது. இரண்டு கிலோ ஏலக்காய், முதல் தரம். சீட்டில், 'தங்கள் பெரிய மனதுக்கு' என்று எழுதியிருப்பதாக இவர் படித்துச் சொன்னார்.

இரண்டு கிலோ ஏலக்காயை யார் அனுப்புவார்கள்? யோசித்துப் பார்த்தேன். பாயசத்தில் ஏலக்காய் பற்றவில்லை என்று தவமணியம்மா குத்திக்காட்டுகிறாள்.

மே 18, சனி

பொன்னுராஜ் போன் செய்தார். குரலே சரியில்லை.

"உங்க மனசுல என்ன இருந்தாலும் வெளிப்படையாச் சொல்லிருங்கம்மா. நாங்க எதுக்கும் தயார்."

"எங்க மனசுல ஒண்ணுமே இல்லீங்க. இருந்த எல்லாத்தையும்தான் அன்னைக்குத் தட்டுலயே வச்சுட்டோமே," என்றேன்.

அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு. பிறகு போனை வைத்துவிட்டார்.

என்னமோ சரியில்லை. பாயசத்தில் சர்க்கரை போட்டேனா, உப்பு போட்டேனா? இவரிடம் கேட்டேன்.

"ஏங்க, அன்னைக்குப் பாயசம் இனிச்சுச்சா?"

"இனிக்கணுமா?" என்றார்.

என் கை மறதியால் என் மகள் கல்யாணம் கெட்டதென்றால் நான் எங்கே போய் முட்டிக்கொள்வது? இனியாவைக் கூப்பிட்டு, ஆபரேஷனுக்குத் தேதி வாங்கச் சொன்னேன். கண்ணில் குறை என்று இல்லை. எதற்கும் இருக்கட்டும் என்றுதான்.

மே 22, புதன்

வலது கண் முடிந்தது. பத்து நிமிஷ வேலை. இதற்கா இவ்வளவு நாள் பயமுறுத்தினார்கள்? (இது இனியா என் சொல்படி எழுதியது. அவள் சேர்த்துக்கொண்டது: பயந்து டாக்டர் கையை விடாமல் பிடித்துக்கொண்டது யாராம்?)

மே 28, செவ்வாய்

இன்று பாதுகாப்புக் கண்ணாடியைக் கழற்றினேன்.

சுவர் வெள்ளையாக இருக்கிறது. நான் இத்தனை நாள் சந்தன நிறம் என்று நினைத்திருந்தேன். இவருக்குக் காதோரம் அவ்வளவு நரை. இனியா ஒரு மாதிரி இளைத்துப்போயிருக்கிறாள். டைரியில் கோடு நன்றாகவே இருக்கிறது, என் எழுத்துதான் அதற்குக் குறுக்கே போயிருக்கிறது.

அப்புறம் சாப்பாட்டு மேசையைப் பார்த்தேன். அந்த ஆரஞ்சு! அதன் மேல் அந்த ஊதா, அந்த ரோஸ்! கண்ணைச் சுண்டி எடுக்கிறது. இதற்கு முன்னால் உட்கார்ந்தா ஒரு மனுஷி ஐந்து தடவை சாதம் வாங்கினார்? இவர் கூலிங் கிளாஸ் போட்டதில் தப்பே இல்லை. போதாக்குறைக்கு அந்தக் கிளிப்பச்சை எப்படித்தான் இருந்ததோ என்று ஸ்டூல் போட்டு ஏறிப் பரணிலிருந்து ஒரு தட்டை எடுத்தேன்.

நடுவில் இருந்தது கொடி வேலைப்பாடு இல்லை.

'முகில்வண்ணன் – புவனேஸ்வரி திருமண அன்பளிப்பு. போடி. 11-2-2022.'

ஆறு தட்டையும் இறக்கிப் படித்தேன். ஆறிலும் அதேதான். ஸ்டூலிலேயே உட்கார்ந்துவிட்டேன். அவர்கள் கண்ணுக்குப் படாத தூரத்தில் தள்ளிவிட நினைத்ததை நான் தேடிப் பிடித்து வாங்கி, அதிலேயே அவர்களுக்குச் சோறு போட்டு, சிங்கப்பூர் என்று மூன்று தடவை சத்தியம் பண்ணியிருக்கிறேன். பாவம் அந்த மனுஷி, சர்க்கரை வியாதியோடு பேரை மூட மூடச் சாதம் வாங்கித் தின்றிருக்கிறார்.

முதலில் சிரிப்பு வந்தது. அப்புறம்தான் கோபம் வந்தது. இனியா வேலையிலிருந்து வந்ததும் தட்டை அவள் முன்னால் நீட்டினேன்.

"ஏமாத்திட்டாங்கடி! நின்னுபோன கல்யாணத்த மறைச்சிட்டாங்க!"

"எனக்குத் தெரியும்மா."

"தட்டப் பாத்துத்தான தெரிஞ்சது?"

"இல்ல. மொத நாள் போன்ல பேசும்போதே அவர் சொல்லிட்டார். அந்தப் பொண்ணுக்கு வேற ஒருத்தரப் பிடிச்சிருந்துச்சு. வீட்டுல சொல்லப் பயந்துக்கிட்டு இவர்கிட்ட வந்து அழுதுச்சு. இவரே முன்னால நின்னு, எனக்கு இஷ்டமில்லைன்னு சொல்லி நிறுத்திட்டார். பேர் கெட்டது இவருக்கு."

"அத ஏண்டி எங்கிட்ட சொல்லல?"

"திண்டுக்கல் பையன நீ என்ன சொன்ன? வாரம் ஒரு தடவ சொல்லிக்கிட்டே இருந்த. எப்பிடிச் சொல்லச் சொல்ற?" அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. "கல்யாணம் நின்னா தட்டு என்ன பாவம் பண்ணுச்சுன்னு கேட்டியே. அந்த மனுசன் என்னம்மா பாவம் பண்ணார்?"

தட்டை மேசையில் கவிழ்த்து வைத்தேன். இவர் பேப்பரை இறக்கிவிட்டு என்னைப் பார்த்தார்.

மே 29, புதன்

ஒரு பெண் தன் வீட்டில் சொல்லப் பயந்து மாப்பிள்ளையிடம் போய் அழுதாள். என் மகளும் என்னிடம் சொல்லப் பயந்திருக்கிறாள். அது புதுக் கண்ணுக்கு முன்னாலேயே தெரிந்திருக்க வேண்டிய விஷயம். வெட்கமாக இருக்கிறது.

காலையில் இனியாவிடம், "உனக்குப் பிடிச்சிருக்குல்ல?" என்று மட்டும் கேட்டேன். "ரொம்ப," என்றாள். சரி என்றேன். இன்னும் நிறையச் சொல்லத்தான் நினைத்தேன், தோசை தீய்ந்துவிட்டது.

மே 30, வியாழன்

மீதி நூற்று நாற்பத்து நான்கு தட்டு மதுரையில் யார் யார் மேசைக்குப் போகுமோ என்று ராத்திரி முழுக்க யோசித்தேன். கல்யாணத்துக்கு வருகிறவர்கள் கையில் ஒன்று சிக்கினால் போதும். மொத்தத்தையும் வாங்கிவிடலாம் என்று காலையில் பாய் கடைக்குப் போனேன்.

வாசலில் போடி வண்டி. உள்ளே ஸ்டூலில் தவமணியம்மா, மடியில் கைப்பை, முன்னால் பச்சைத் தட்டு அடுக்கு.

என்னைக் கண்டதும் அவர் எழுந்தேவிட்டார்.

"சம்பந்தியம்மா," என்றார், "மறைச்சது தப்புத்தாங்க. அன்னைக்கே உங்க காலப் பிடிச்சிருக்கணும். எங்க வீட்டுத் தட்டையே தேடிப் பிடிச்சு முன்னால வச்சிட்டு, மொகத்துல ஒரு சுளிப்புக்கூட இல்லாம சிங்கப்பூர்னு சொன்னீங்களே, அந்த நெஞ்சுரத்த நெனச்சு பதினெட்டு நாளாத் தூக்கமே இல்லீங்க."

அப்படியே விட்டிருக்கலாம். ஆயுசுக்கும் என்னைக் கண்டு பயந்திருப்பார். அரை நிமிஷம் அந்த ஆசை இருந்தது, மறைக்கவில்லை. ஆனால் அவர் உதடு நடுங்கியது.

"எனக்கு அன்னைக்குக் கண்ணே தெரியாதுங்க," என்றேன். "புரை. பேரப் பூவுன்னு நெனச்சு வாங்கிட்டேன். என் தம்பி சிங்கப்பூரும் போகல, ஒண்ணும் போகல."

தவமணியம்மா வாயைப் பிளந்தபடி என்னைப் பார்த்தார். "அப்ப எதுக்குங்க நான் அஞ்சு தடவ சோறு தின்னேன்? மறுநா சுகர் முந்நூத்தம்பது!"

நான் சிரித்தேன். அவரும் சிரித்தார். நிறுத்தவே முடியவில்லை. இரண்டு பேரும் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு கண்ணைத் துடைத்துக்கொண்டோம். எனக்கு டாக்டர் கண்ணைத் தேய்க்கக் கூடாது என்றிருந்தார்.

"ரெண்டு பேர்ல தட்டு யாருக்குங்க?" என்றார் பாய்.

"ரெண்டு பேருக்கும்," என்றேன். "பாய், பேர அழிச்சுப் புதுப் பேர் வெட்டித் தருவீங்களா?"

"பாலீஷ் போட்டா போயிரும்மா. வெட்டறதுக்கு எழுத்துக் கணக்கு."

"அப்ப மாப்பிள்ளை பேர் அப்பிடியே இருக்கட்டும். ஊரும் அதே ஊர்தான். பொண்ணு பேரையும் தேதியையும் மட்டும் மாத்துங்க. எங்க பொண்ணுக்கு மூணே எழுத்து."

தவமணியம்மா என் பக்கம் திரும்பினார். "கண்ணு தெரியலைன்னா சொன்னீங்க?" என்றார்.

ஜூன் 9, ஞாயிறு

ஆவணியில் கல்யாணம். இன்று பேசி முடிக்க மறுபடி வந்தார்கள். மேசையில் வாழை இலை. இவர் முகத்தில் அப்படி ஒரு வெற்றி. இருந்தாலும் ஆரஞ்சு விரிப்பை நான் எடுக்கவில்லை, காசு கொடுத்து வாங்கியது. மாப்பிள்ளை வரும்போதே கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு வந்தார், இனியா சொல்லிக்கொடுத்திருக்கிறாள்.

தவமணியம்மா ஒரே ஒரு கரண்டி சாதம் வாங்கிக்கொண்டார். ரசத்தில் புளி கொஞ்சம் தூக்கல் என்றார். நான் சிரித்துக்கொண்டே கேட்டுக்கொண்டேன்.

தட்டுகள் எல்லாம் பாலீஷுக்குப் போய்விட்டன, ஒன்றைத் தவிர. அதைப் பேர் அழிக்காமல் பரணில் வைத்திருக்கிறேன். இன்னொரு தடவை ரசத்தைப் பற்றிப் பேசட்டும், அதில்தான் பரிமாறுவேன்.